40 மி.மீ. பைப் வைச்சும் முன் ஷொக் இடிக்குது: பிரீலோட் (ஸ்பிரிங்கை முதலே அமத்தி வைக்கிற அளவு) எப்பிடி அளந்து வைக்கிறது?

வாய்க்கால்கட்டு (ஒட்டுசுட்டான்):
150 சிசி பைக். முன்னுக்குச் சாதாரண ஷொக், மேல முறுக்கிற அட்ஜஸ்டர் இல்லை. மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34 இல பாதி ஓட்டம், மிச்சம் உள்ளுக்குக் கிறவல் றோட்டு. என்ர நிறை 68 கிலோ, பின் கரியரில 40 கிலோ மீன் பெட்டி. முந்தி பிரேக் பிடிச்சா முன்பக்கம் குத்தி அடிவரை போய் இடிச்சது. கராஜில ஷொக்கின்ர ரெண்டு காலுக்கும் உள்ளுக்கு ஸ்பிரிங்குக்கு மேல 40 மி.மீ. நீளப் பிவிசி பைப் போட்டவை. இப்ப முன்பக்கம் உயர்ந்து நிக்குது, சின்னக் கல்லும் கைக்கு அடிக்குது, பள்ளம் தாண்டேக்க 'டொக்' எண்டு சத்தம். ஆனா பிரேக்கோட பள்ளத்தில விழுந்தா இப்பவும் இடிக்குது. இன்னும் நீளமாப் போடோணுமோ?

சில்லுக்காரன் (பரந்தன்):
ஸ்பிரிங்கைக் கழட்டி இழுத்து நீட்டிப் போடுங்கோ. செலவில்லை.

பத்தாம் நம்பர் சாவி (மாங்குளம்):
இழுக்காதேங்கோ தம்பி. இழுத்த ஸ்பிரிங் கொஞ்ச நாளில திரும்பப் படுத்திடும், ரெண்டு காலும் ரெண்டு நீளத்தில வந்து நிக்கும். பைப்பையும் இனிக் கூட்ட வேண்டாம். பைப் ஸ்பிரிங்கை இறுக்கமாக்காது, பைக் நிக்கிற உயரத்தை மட்டும் மாத்தும். 'டொக்' எண்டது ஷொக் மேல முழுசா நீண்டு முட்டுற சத்தம். பிரீலோட் கூடிப் போச்செண்டு அதுவே சொல்லுது.

முதல் அளவெடுங்கோ. ஷொக் குழாயில டஸ்ட் சீலுக்கு (தூசி தடுக்கிற றப்பர் வளையம்) மேல ஒரு கேபிள் டை கட்டுங்கோ. சென்ரர் ஸ்ராண்டில விட்டு, எஞ்சினுக்குக் கீழ ஜாக்கி குடுத்து முன் சில்லை நிலத்திலயிருந்து தூக்குங்கோ. டஸ்ட் சீலின்ர மேல் விளிம்பிலயிருந்து கீழ் கிளாம்ப் (ரெண்டு குழாயையும் சேர்த்துப் பிடிக்கிற கட்டை) வரை வெளியில தெரியிற குழாயை அளவுங்கோ. இது முதல் அளவு.

பிறகு பைக்கை நிலத்தில இறக்கி, பெட்டி இல்லாமல் நீங்கள் ஏறி இருங்கோ, ஒராள் பின்னால பிடிக்கட்டும். முன்பக்கத்தை நல்லா அமத்தி மெல்ல மெல்ல விடுங்கோ, நிண்ட இடத்தில ஒரு அளவு. பிறகு ஹாண்டிலைப் பிடிச்சு மேல தூக்கி மெல்ல இறக்கி இன்னொரு அளவு. ரெண்டையும் கூட்டி ரெண்டால பிரிச்சு முதல் அளவிலயிருந்து கழிச்சா, ஆள் இருக்கேக்க ஷொக் பதியிற ஸாக் வரும். ஆள் இல்லாமலும் இதே மாதிரி எடுங்கோ. ஒரே ஒரு தரம் அளந்து சொல்லுற கணக்கை நான் நம்ப மாட்டன், சீல் இறுக்கம் பத்து மி.மீ. பொய் சொல்லும்.

வாய்க்கால்கட்டு:
நீட்டி 158. ஏறி இருந்து அமத்தி விட்டால் 132, தூக்கி விட்டால் 148. ஆள் இல்லாமல் 158 இலயே நிக்குது, ஸாக் பூச்சியம்.

பத்தாம் நம்பர் சாவி:
சராசரி 140, ஸாக் 18. ஆனா அதுக்கு முதல் 132க்கும் 148க்கும் இடையில 16 மி.மீ. கிடக்குதே, அதைப் பாருங்கோ. அஞ்சாறுதான் இருக்கலாம். ரெண்டு காலும் நேரா நிக்கேல்லை. அச்சு நட்டையும் மட்காட் போல்ட்டுகளையும் தளர்த்தி, சில்லு நிலத்தில இருக்க, முன் பிரேக்கைப் பிடிச்சுக் கொண்டு அஞ்சாறு தரம் அமத்துங்கோ. பிறகு அச்சு நட்டை முதலில, மட்காட்டைக் கடைசியில இறுக்குங்கோ. அதுக்கும் குறையாட்டி குழாய் வளைஞ்சிருக்கும்.

வாய்க்கால்கட்டு:
செய்தன். இப்ப 137, 143. சராசரி அதே 140தான். கைக்கு அடிக்கிறதும் கொஞ்சம் குறைவு.

பத்தாம் நம்பர் சாவி:
நல்லது. இனிக் கணக்கு. ஸ்பிரிங்கைக் கழட்டின பிறகு குழாயை முழுசா அமத்தி நகர்ச்சியைப் பாருங்கோ. 130 மி.மீ. கிட்ட வருமெண்டால் ஆளோட ஸாக் அதில மூண்டில ஒண்டுக்குக் கொஞ்சம் குறைய, 35–40 நிக்கோணும். ஆள் இல்லாமல் 15–20. இப்ப 18 கிடக்கு, 38 வேணும். ஒவ்வொரு காலிலும் 20 மி.மீ. பைப்பை வெட்டினால் 20 மி.மீ. கூடப் பதியும். சுருள் இடைவெளி ஒரே மாதிரி உள்ள நேர் ஸ்பிரிங்குக்கு இந்தக் கணக்குப் பிழைக்காது.

திறக்கேக்க கவனம். எஞ்சினைத் தாங்கி முன் சில்லு தொங்கட்டும், ஒரு நேரத்தில ஒரு கால்தான். மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தாமல் மூடியைத் திருகினால் மரை போயிடும். மூடியை அமத்திப் பிடிச்சுக் கொண்டே கடைசி மரையைக் கழட்டுங்கோ, முகத்தை மேல கொண்டு போகாதேங்கோ. கீழ கிடக்கிறது முப்பது கிலோ கிட்டத் தள்ளுற ஸ்பிரிங். மூடிக்குப் பதிலா கம்பி வளையம் போட்ட அடைப்பு எண்டால் அதை உள்ளுக்கு அமத்தித்தான் வளையத்தை எடுக்கோணும்.

பைப்பை வெட்ட, ஒரு கடதாசி நாடாவைச் சுத்தி அதின்ர விளிம்பில கோடு போடுங்கோ. ரம்பத்தால வெட்டின பிறகு மட்டமான டைல்சில மண்தாள் விரிச்சு உரஞ்சி நேராக்குங்கோ. தூள் ஒண்டும் ஒயிலுக்குள்ள போகக் கூடாது, கழுவிக் காய வையுங்கோ. ஸ்பிரிங்குக்கும் பைப்புக்கும் நடுவில இரும்பு வொஷர் இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லையெண்டால் ஸ்பிரிங் முனை பிவிசியைத் திண்டு கொண்டு இறங்கும், ரெண்டு மாதத்தில உங்கட அளவு போயிடும்.

பூட்ட முதல் பிரீலோட்டை நேரா அளக்கலாம். ஷொக்கை முழுசா நீட்டி, ஸ்பிரிங், வொஷர், பைப் எல்லாம் போட்டு மூடியைச் சும்மா மேல வையுங்கோ. மூடியின்ர விளிம்புக்கும் குழாய் வாய்க்கும் இடையில உள்ள தூரம்தான் பிரீலோட். ரெண்டு காலும் ஒண்டாயிருக்கோணும்.

வாய்க்கால்கட்டு:
வெட்டின பிறகு ரெண்டிலும் பிரீலோட் 30 மி.மீ. கிடக்கு. ஏறி இருந்தால் 117, 123. ஆள் இல்லாமல் சராசரி 142. 'டொக்' சத்தம் நிண்டிட்டுது. ஆனா இடிக்கிறது?

பத்தாம் நம்பர் சாவி:
அப்ப ஸாக் 38, ஆள் இல்லாமல் 16. ரெண்டும் சரி. ஆனா 30 மி.மீ. பிரீலோட் போட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்தது எண்டால் ஸ்பிரிங் களைச்சிருக்கலாம். கையேட்டில உள்ள நீளத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ, வாங்கேக்க சோடியா வாங்குங்கோ.

இடிக்கிறதுக்குப் பின் பெட்டியில குற்றம் இல்லை. கரியர் பாரம் முன்பக்கத்தை இலேசாக்கத்தான் பாக்கும், பிரேக் பிடிக்கேக்கதான் முன்னுக்கு வரும். என்ர சந்தேகம் ஒயில். ஸ்பிரிங் தாங்கும், வேகத்தை அடக்கிறது ஒயில்தான்.

வாய்க்கால்கட்டு:
ஒயிலை வடிச்சு அளந்தன். இடது காலில 70 மில்லி, வலதில 135. இடப்பக்க சீலில ஈரம்.

பத்தாம் நம்பர் சாவி:
அதுதான். இடது கால் சும்மா போய் வருது. சீல் ரெண்டையும் மாத்துங்கோ. குழாயை நகத்தால தடவிப் பாருங்கோ, துருப்பள்ளம் தட்டுப்பட்டால் புது சீலும் கிழியும். கிறவல் றோட்டுத் தூசிக்கு டஸ்ட் சீல் கட்டாயம். 10டபிள்யூ ஃபோர்க் (முன் ஷொக்) ஒயில், கையேட்டில சொன்ன அளவு. எஞ்சின் ஒயில் ஊத்தாதேங்கோ.

ஊத்தின பிறகு பத்துத் தரம் மெல்ல அமத்தி இழுத்துக் காத்தை எடுத்து, ஸ்பிரிங் இல்லாமல் குழாயை முழுசா இறக்கி, வாயிலயிருந்து ஒயில் வரை அளந்து ரெண்டையும் ஒண்டாக்குங்கோ. இனியும் இடிச்சால் ஒயில் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்துங்கோ, ஒரு காலுக்கு 5 மில்லி கிட்டத்தான் பிடிக்கும். ரெண்டு தரத்துக்கு மேல வேண்டாம், உள்காத்து அமத்தம் கூடி சீலைத் தள்ளிப்போடும்.

வாய்க்கால்கட்டு:
மாத்தியாச்சு அண்ணை. ஏ34 இல பெட்டியோட பிரேக் பிடிச்சுப் பள்ளத்தில விட்டன். இடிக்கேல்லை, கேபிள் டை அடிமட்டத்துக்கு 12 மி.மீ. மிச்சம் வைச்சு நிக்குது. நெல் மூட்டையை டாங்கில வைச்சு ஓடலாமோ?

பத்தாம் நம்பர் சாவி:
அந்த 12 மி.மீ. மூட்டைக்குக் காணாது. பின்னுக்குக் கட்டுங்கோ.