உப்புக்காற்றில் ஊமையான கம்ப்யூட்டர்

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கரையில்தான். அப்பா வீட்டில் சும்மா இருப்பாரே, பாட்டாவது கேட்கட்டும் என்று பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போட்டுக் கொடுத்தேன். படம் ஓடியது, சத்தம் இல்லை. "ஊமைப் பெட்டிய வச்சு என்னடா செய்ய?" என்றார்.

சவுண்ட் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை என்று நானாக முடிவு கட்டி, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை மாற்றிப் பார்த்து ஒரு ராத்திரியைத் தொலைத்தேன். மறுநாள்தான் கட்டளை அடிக்கும் டெர்மினலில், சவுண்ட் கார்டுகளைப் பட்டியலிடும் 'ஏப்ளே -எல்' (aplay -l) அடிக்கத் தோன்றியது. எங்கள் கார்டு, ரியல்டெக் அனலாக், அழகாகப் பட்டியலில் இருக்கிறது! அதில் கார்டு தெரிந்தால் டிரைவர் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் 'ஆல்சாமிக்சர்' (alsamixer) திறந்து, எஃப்6 அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுத்தேன். மாஸ்டர் கம்பத்தின் அடியில் 'எம்எம்', அதாவது மியூட். எம் விசையைத் தட்டியதும் 'ஓஓ' ஆனது. அப்பவும் சத்தம் வரவில்லை.

கடைசியில், சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் பாவுகன்ட்ரோல் (pavucontrol) காட்டிக் கொடுத்தது: ஹெட்போன் செருகியிருக்கிறதாம். எங்கள் வீட்டில் ஹெட்போனே கிடையாது. டார்ச் அடித்து முன்பக்க ஜாக்கைப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பியே வருஷா வருஷம் துருவேறும் வீடு, ஜாக் என்ன செய்யும்? அந்தக் களிம்பைச் செருகிய ஒயர் என்று நம்பி, பின்பக்க ஸ்பீக்கர் வழியைக் கம்ப்யூட்டர் தானே அடைத்திருக்கிறது.

ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். இரண்டு நாள் தாங்கியது, அவ்வளவுதான். பிறகு ஆல்சாமிக்சரில் வலப்பக்கக் கோடிக்குப் போய் ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரை அடைக்கும் 'ஆட்டோ-மியூட் மோட்' என்பதை 'டிசேபிள்ட்' ஆக்கினேன். பாவுகன்ட்ரோலில் போர்ட்டை லைன் அவுட்டுக்கு மாற்றி, ஆல்சாமிக்சரில் செய்த மாற்றத்தைச் சேமிக்க 'சுடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர்' (sudo alsactl store) கொடுத்தேன். இப்போது விடிகாலை நாலு மணிக்கே பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. தூக்கம் போச்சு.

கீழக்கரையிலிருந்து:
எனக்கு வேறு கதை. டிவியை எச்டிஎம்ஐ ஒயரில் மாட்டியிருந்தேன். சத்தம் முழுக்க அங்கே போய்விட்டது, டிவியிலோ வால்யூம் பூஜ்யம். புது ஸ்பீக்கர் வாங்கி வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தொண்டியிலிருந்து:
தம்பிகளா, 2003 டிசம்பரில் கர்னல் 2.6 வந்தபோதுதான் லினக்ஸின் பழைய ஒலி அமைப்பான ஓஎஸ்எஸ் பின்னுக்குப் போய், புது அமைப்பான ஆல்சா முன்னுக்கு வந்தது. அன்றைக்கு ஆல்சா ஏறும்போதே எல்லா சேனலும் மியூட்டில்தான் இருக்கும். அது தெரியாமல் நான் சவுண்ட் கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டியதில் ஸ்லாட்டே தளர்ந்துபோனது. பாம்பன் தம்பி, களிம்பு மறுபடி ஏறும். முன்பக்க ஜாக்கின் ஒயரை மதர்போர்டிலிருந்து உருவி விட்டுவிடு, அப்பா எப்படியும் ஹெட்போன் மாட்டப் போவதில்லை.