சிப்பே தப்பு பண்ணினா கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) என்ன பண்ணும்? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

டிக்டிக்டிக்

ரொம்ப நாளா மண்டையைக் குடையுது, இங்க கொட்டிடறேன். மலிவு விலை 64 பிட் ஏஆர்எம் போர்டு, குளிர்பதனக் கிடங்குல வெப்பநிலையைப் பதிவு பண்ண வச்சிருந்தோம். லாக்ல ஒரு வரி 2018. அடுத்த வரி 2113. ரீபூட் ஆகல, மின்சாரம் போகல. அந்த நிமிஷத்துலேருந்து நம்ம சர்வரோட டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) சான்றிதழ் காலாவதின்னு போர்டே இணைப்பை மறுத்துடுச்சு.

என்டிபி (நெட் வழியா நேரம் சரி பண்றது), ஆர்டிசி (போர்டுல இருக்கற கடிகாரச் சிப்), பேட்டரின்னு வரிசையா எல்லாத்தையும் திட்டி முடிச்சப்புறம், சும்மா 95 வருஷத்தை நொடியாக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட 300 கோடி. சிப்புக்குள்ள நேரத்தை எண்ற டைமர் (கவுண்டர்) ஓடறது 24 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2.4 கோடி எண்ணிக்கை. ரெண்டையும் பெருக்கினா 2இன் 56ஆவது அடுக்கு வந்து நிக்குது! கடிகாரம் முன்னாடி பாயவே இல்லைங்க. ரெண்டு வாசிப்புக்கு நடுவுல துளியூண்டு பின்னாடி போயிருக்கு. கர்னல் புது எண்ணிலேருந்து பழசைக் கழிக்குது, விடை மைனஸ், அதை 56 பிட்டுக்குள்ள மடிச்சா ராட்சச எண்.

கவுண்டரை ஓயாம வாசிச்சு, முந்தினதை விடக் குறைஞ்சா அச்சடிக்கிற மாதிரி ஒரு குட்டி சி நிரல் ஓட்டினேன். கடைசிப் பிட்டுகள் வரிசையா 1 ஆகி 0க்கு உருளுற இடத்துலதான் எண் தடுமாறுது. 2019ல மெயின்லைன்ல (அதிகாரபூர்வ லினக்ஸ் கர்னல்ல) வந்த தீர்வும் இதைத்தான் பிடிச்சிருக்கு: வாசிச்ச மதிப்போட கடைசிப் பிட்டுகள் எல்லாமே 0 அல்லது எல்லாமே 1ன்னா அதை நம்பாதே, தூக்கிப் போட்டுட்டு மறுபடி வாசி. இந்தக் கோளாறுக்கு எர்ராட்டா (சிப் தயாரிச்சவங்க வெளியிடற பிழைப் பட்டியல்) எண்ணே கிடையாது, அதனால கன்ஃபிக்ல (கர்னலைக் கட்டும்போது போடற விருப்பப் பட்டியல்ல) அது பேரு 'அன்னோன்1'. சிரிக்கறதா அழறதா தெரியல.

தீர்வு வேலை செய்யுது. ஆனா சிலிக்கானுக்குள்ள என்னதான் நடக்குதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. யாருக்காச்சும் தெரியுமா?

மோர்க்குழம்பு64

@டிக்டிக்டிக், உறுதியாச் சொல்ல முடியாது, என் ஊகம் இது: கவுண்டர் ஓடற கிளாக் வேற, கோர் ஓடற கிளாக் வேற. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு எண் கடக்கும்போது எல்லாப் பிட்டும் ஒரே நேரத்துல வந்து சேரல. நிறைய பிட்டு ஒட்டுமொத்தமா மாறும்போதுதான் அது வெளியில தெரியும்.

கார்டெக்ஸ்-ஏ73ங்கற ஏஆர்எம் கோர்ல இதுக்கு ஒரு சித்தப்பா பையன் இருக்கான், எர்ராட்டம் 858921. கீழ் 32 பிட்டு நிரம்பி மேல உருளுற சமயத்துல வாசிச்சா தப்பு வரும். அங்க கர்னல் அடுத்தடுத்து ரெண்டு தடவை வாசிக்குது. 32ஆவது பிட்டு ரெண்டுலயும் வேற வேறயா இருந்தா பழைய மதிப்பு, இல்லேன்னா புது மதிப்பு. லூப்பே கிடையாது. எனக்கு இந்தத் தீர்வு ரொம்பப் பிடிக்கும்.

நீங்க சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு. கர்னலுக்குள்ள திருத்திட்டா போதுமா? விடிஎஸ்ஓ (நிரலுக்குள்ளேயே கர்னல் வச்சுக் கொடுக்கற குட்டி நூலகம்) வழியா நிரல்கள் கவுண்டரை நேரடியா வாசிக்குமே, அதுங்க கர்னலைக் கேட்கவே கேட்காது. அதனால இந்த மாதிரி சில டைமர் எர்ராட்டாவுக்கு அந்தக் குறுக்கு வழியை அடைச்சு, யூசர் பக்கத்து வாசிப்பைப் பொறி வச்சுப் பிடிச்சு, கர்னல் திருத்தின எண்ணைக் கொடுக்கும். நேரம் கேட்கறதுக்கே ஒவ்வொரு தடவையும் கர்னல் வாசல் ஏறி இறங்கணும். எங்க டிரேசிங் (நிரல் ஓட்டத்தைப் பதிவு பண்ற) கருவி தரையில தவழ ஆரம்பிச்சது இதனாலதான். சிப்புக்குள்ள ஏதோ ஒரு மூலை, கட்டணம் கட்டறது நம்ம நிரல்.

பழைய கட்டை

டைமர் கதையெல்லாம் நேற்றைய சங்கதி தம்பிகளா. 1997 நவம்பரில் வெளியான பென்டியம் எஃப்00எஃப் விவகாரம் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? சாதாரணப் பயனர் நான்கே பைட் நீளமுள்ள ஒரு கட்டளையை ஓட்டினால் போதும், மொத்த எந்திரமும் உறைந்துவிடும். ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையில்லை. அந்த உறைதலைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. எனக்கு மனதில் நிற்பது வேறு.

சில ஆண்டுகள் கழித்து லினக்ஸின் பேஜ் ஃபால்ட் (இல்லாத அல்லது அனுமதியில்லாத நினைவகப் பக்கத்தைத் தொட்டால் எழும் விதிவிலக்கு) பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். நினைவகக் கணக்கு வழக்குகளுக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் ஒரு வரி: தவறு நிகழ்ந்த முகவரியிலிருந்து ஐடிடி அட்டவணையின் (எந்த விதிவிலக்குக்கு எந்தக் கையாளி என்ற பட்டியல்) தொடக்கத்தைக் கழி, மூன்று பிட் வலப்பக்கம் தள்ளு, விடை 6 என்றால் 'தவறான கட்டளை' கையாளியை அழை. ஏன் 6? பேஜ் ஃபால்டுக்கும் தவறான கட்டளைக்கும் என்ன உறவு?

விளங்கியபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தக் கட்டளை செல்லாதது. ஆகவே சிப் 6ஆம் எண் விதிவிலக்கை எழுப்ப வேண்டும். ஆனால் நினைவகத்துக்குப் போகும் பஸ்ஸைப் பூட்டி வைத்துக்கொண்டே கையாளியின் முகவரியை ஐடிடியில் தேடப் போகிறது, அங்கேயே மாட்டிக்கொள்கிறது. சிப்பை மாற்ற முடியாது. அதனால் ஐடிடி இருக்கும் பக்கத்தையே ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டார்கள். பூட்டிய நிலையில் அதைத் தொட்டதும் சிப் பேஜ் ஃபால்ட்டில் தடுக்கி விழுகிறது, பூட்டும் விடுபடுகிறது. விழுந்த இடம் அட்டவணையின் 6ஆம் எண் பதிவு என்றால், நடந்தது உண்மையில் என்ன என்று கர்னலுக்குத் தெரியும். ஒரு பதிவு 8 பைட் என்பதால் மூன்று பிட் தள்ளல். அந்த நிரலை மட்டும் கொன்றுவிட்டு மற்றதெல்லாம் ஓடும்.

பிற்பாடு, 2013 வாக்கில், எல்லா எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) சிப்புகளுக்குமே ஐடிடியை ரீட்-ஒன்லி ஆக்கினார்கள். இம்முறை காரணம் பாதுகாப்பு. பழைய பென்டியமுக்குக் கட்டிய படிக்கட்டில் எல்லோரும் ஏறினார்கள்.

மோர்க்குழம்பு தம்பி, லூப் இல்லாததெல்லாம் அழகே அல்ல. இதுதான் அழகு.

ராத்திரி_ஷிஃப்ட்

ஐயா, அழகு பத்திப் பேசற நிலைமையில நான் இல்லை. என் கதையில அழகே கிடையாது.

டிஎஸ்எக்ஸ் ஞாபகம் இருக்கா? இன்டெல் சிப்புல, பூட்டு போடாம பரிவர்த்தனை மாதிரி நினைவகத்தைக் கையாளுற வசதி. அதுல பிழை இருக்குன்னு 2014 ஆகஸ்டுல தெரிஞ்சு, மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடற, மாத்தி ஏத்தக்கூடிய மென்பொருள்) வழியா அந்த வசதியையே அணைச்சாங்க. நான் அப்ப வேலை பார்த்த இடத்துல சர்வர்களை ரீபூட் பண்ண அனுமதி கிடைக்கல. மேலிடத்து உத்தரவு: ஓடிட்டிருக்கும்போதே மைக்ரோகோடை ஏத்து.

ஏத்தியாச்சு. கட்டளை ஒரு சத்தமும் இல்லாம முடிஞ்சுது. அடுத்த நொடி டேட்டாபேஸ் காலி. அப்புறம் மெசேஜ் க்யூ. அப்புறம் மானிட்டரிங். எல்லாத்துக்கும் ஒரே சாவுச் செய்தி, 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'. செத்த சர்வீஸைத் திரும்பக் கிளப்பினா ஜம்முனு ஓடுது! அதுதான் பேய்த்தனமா இருந்துச்சு. பைனரி அதே பைனரி. பழைய ப்ராசஸ் சாகுது, புதுசு வாழுது.

விஷயம் இதுதான். ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கற அடிப்படை நூலகம்) ஒவ்வொரு ப்ராசஸும் கிளம்பும்போது சிபியுஐடியை (சிப்போட வசதிகளைச் சொல்ற கட்டளை) வச்சுப் பார்த்து 'டிஎஸ்எக்ஸ் இருக்கு'ன்னு குறிச்சு வச்சுக்கும். மியூட்டெக்ஸை (ஒரே நேரத்துல ஒருத்தர் மட்டும் நுழையற பூட்டு) பூட்டும்போது அந்தக் குறிப்பை நம்பி டிஎஸ்எக்ஸோட எக்ஸ்பிகின் கட்டளையைக் கொடுக்கும். நாம காலுக்கடியில இருந்த பலகையை உருவிட்டோம். புதுசாக் கிளம்பினதுங்க 'இல்லை'ன்னு குறிச்சுக்கிட்டு சாதாரணப் பூட்டுக்குப் போயிடுச்சு. மியூட்டெக்ஸைத் தொடாத ஒரு ப்ராசஸ் மட்டும் கடைசி வரைக்கும் ஓடிட்டே இருந்துச்சு, அது யாருமே பார்க்காத ஒரு பழைய எஃப்டிபி.

இப்ப இப்படி லேட் லோடிங் (ஓடும்போதே ஏத்தறது) பண்ணினா கர்னல் தன்னையே 'டெயின்டட்'னு (நம்பகம் குறைஞ்சதுன்னு) குறிச்சுக்குது. நல்லது.

கோர்டம்ப் அக்கா

என்னோடது சின்னக் கதைதான். கர்னல் மாட்யூல் ஒண்ணு லோட் ஆனதும் கண்ட முகவரிக்குப் போய் விழுது. என்னன்னு பார்க்க ஒரு பிரிண்ட்கே (கர்னல்ல செய்தி அச்சடிக்கற வரி) சேர்த்தா பிழை மறையுது. எடுத்தா திரும்ப வருது. கார்டெக்ஸ்-ஏ53, எர்ராட்டம் 843419: ஏடிஆர்பி (முகவரி கணக்கிடற) கட்டளை 4 கேபி பக்கத்தோட கடைசி ரெண்டு இடத்துல விழுந்து, பின்னாடி குறிப்பிட்ட வரிசையில லோட், ஸ்டோர் வந்தா, தப்பான முகவரி. பிரிண்ட்கே கட்டளைகளைக் கொஞ்சம் நகர்த்திடுச்சு, அவ்வளவுதான். தீர்வு மெயின்லைன்ல எப்பவோ இருக்கு. போர்டு வித்தவங்க கொடுத்த கர்னல்ல யாரோ அந்தக் கன்ஃபிகை அணைச்சு வச்சிருந்தாங்க.

யாரும் கேட்கல, ஆனாலும் சொல்றேன், ஏன்னா வருஷா வருஷம் இதே கேள்வியோட புதுப் பசங்க வர்றாங்க. மொதல்ல டிமெசேஜ்ல (கர்னலோட லாக்) 'எர்ராட்டம்'னு தேடுங்க. கர்னல் எதையெல்லாம் கண்டுபிடிச்சு மாத்தியிருக்குன்னு அங்கேயே எழுதியிருக்கும். ஏஆர்எம் 64ன்னா கர்னல் ஆவணத்துல சிலிக்கான்-எர்ராட்டான்னு ஒரு அட்டவணை இருக்கு, அதை உங்க கன்ஃபிகோட ஒப்பிட்டுப் பாருங்க, 'எப்படியும் இருக்கும்'னு நினைக்காதீங்க. கோரோட பேரை மட்டும் பார்த்தா பத்தாது, எம்ஐடிஆர் (கோரோட அடையாளம் சொல்ற) ரிஜிஸ்டர்ல வேரியன்ட், ரிவிஷன் ரெண்டும் இருக்கு. ஒரு ரிவிஷன்ல இருக்கற பிழை அடுத்ததுல இருக்காது. நீங்களே தீர்வு எழுதறதா இருந்தா அந்த ரிவிஷன் வரம்பைச் சரியாப் போடுங்க, நல்ல சிப்புக்கும் சேர்த்துத் தண்டனை கொடுக்காதீங்க. பெரிய கோர், சின்னக் கோர் கலந்த சிப்புன்னா இன்னும் ஜாக்கிரதை: பிழை சின்னக் கோர்ல மட்டும் இருக்கும், ப்ராசஸோ எந்தக் கோருக்கு வேணா தாவும். சூடான பாதையில (அடிக்கடி ஓடற கோடுல) இஃப் போட்டு ஒவ்வொரு தடவையும் கேட்காதீங்க, ஆல்டர்னேட்டிவ் பேட்சிங் எதுக்கு இருக்கு? பூட் ஆகும்போது ஒரே தடவை கட்டளையை மாத்திட்டா முடிஞ்சுது. அப்புறம், பிழை எதனால வருதுன்னு கமிட் மெசேஜ்ல எழுதுங்கம்மா. 'சிப் பிழைக்குத் தீர்வு'ன்னு ஒத்தை வரி போட்டுட்டுப் போனா, அடுத்து வர்றவங்க அதைத் தேவையில்லாத குப்பைன்னு நினைச்சு அழிச்சிடுவாங்க. ராத்திரி_ஷிஃப்ட் தம்பி, மைக்ரோகோடை எப்பவும் இனிட்ராம்எஃப்எஸ்ல (பூட் ஆகும்போது முதல்ல ஏறற கோப்புத் தொகுப்பு) வச்சு பூட்டோட ஆரம்பத்துலயே ஏத்துங்க. சொந்த வீட்டு லேப்டாப்னா மிட்டிகேஷன்ஸ்=ஆஃப் (சிப் ஓட்டைகளுக்கான பாதுகாப்புத் தீர்வுகளை அணைக்கற பூட் விருப்பம்) போட்டுட்டு நிம்மதியா இருங்க, அதையும் சொல்லிடறேன்.

ராத்திரி_ஷிஃப்ட்

அக்கா, உத்தரவு மேலிடத்துதுன்னு எழுதியிருக்கேன் பாருங்க.

நெய்ச்சோறு

கோர்டம்ப் அக்கா, மத்ததெல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் ஏத்துக்க முடியாது. லேப்டாப்லதானே பிரவுசர் ஓடுது? ஊர் பேர் தெரியாத ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அங்கதான் ஓடுது. யார் குறியீடு ஓடுதுன்னு முழுசாத் தெரிஞ்ச, வெளியுலகத் தொடர்பு இல்லாத கணக்கீட்டு எந்திரம்னா அணைங்க, புரிஞ்சுக்கறேன். வீட்டு லேப்டாப் அந்த வகையே கிடையாது.

2018 ஜனவரியில மெல்ட்டவுன் (கர்னல் நினைவகத்தை நிரல்கள் படிக்க முடிஞ்ச சிப் ஓட்டை) வெளியானப்ப கேபிடிஐ (கர்னலுக்கும் நிரலுக்கும் தனித்தனி பக்க அட்டவணை) வந்துச்சே. ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் பக்க அட்டவணையை மாத்தணும். டிஎல்பி (முகவரி மொழிபெயர்ப்பை நினைவு வச்சுக்கற இடம்) பதிவு யாருதுன்னு குறிக்கற பிசிஐடி வசதி இல்லாத பழைய சிப்புல, பக்க அட்டவணையைக் காட்டற சிஆர்3 ரிஜிஸ்டர் மாறும்போதெல்லாம் டிஎல்பி துடைச்சுக்கிட்டுப் போகும். அந்த வலியில பிறந்த பழக்கம்தான் இந்த 'ஆஃப் போடு' எல்லாம்.

எனக்கு உறுத்தற விஷயம் 2019 மே, எம்டிஎஸ்ங்கற ஓட்டை. சிப்போட உள் பஃபர்கள்ல மிச்சம் மீதி கிடக்கற தரவு கசியுது. கர்னல்லேருந்து வெளிய போகும் முன்னாடி அதுங்களைத் துடைக்கணும். துடைக்கறதுக்குன்னு ஒரு கட்டளையே சிப்புல கிடையாது. பேட்சைத் திறந்து பார்த்தா விஇஆர்டபிள்யூ! 286 காலத்துக் கட்டளைங்க அது. ஒரு செக்மென்ட்ல (நினைவகப் பகுதி) எழுத முடியுமான்னு சோதிக்கும், அவ்வளவுதான். யாரும் சீண்டாம கிடந்த அந்தக் கிழட்டுக் கட்டளைக்கு மைக்ரோகோட் வழியா 'பஃபரைத் துடை'ன்னு கூடுதல் வேலை கொடுத்திருக்காங்க.

கமென்ட்டை வரி வரியாப் படிச்சேன். செலக்டரை (செக்மென்ட்டைக் குறிக்கற எண்) நினைவகத்துலேருந்துதான் கொடுக்கணும், ரிஜிஸ்டர்ல கொடுத்தா துடைக்கும்னு உத்தரவாதம் இல்லை. எந்த செலக்டரும் ஓடும், ஆனா எழுதக்கூடிய, செல்லுபடியாகிற டேட்டா செக்மென்ட்னாதான் வேகம் அதிகம். அதுக்காகவே கர்னல் டேட்டா செக்மென்ட்டோட எண்ணை ஒரு மாறியில போட்டு வச்சிருக்காங்க. அந்த மாறிக்கு உலகத்துல வேற வேலையே இல்லை. இவ்வளவும் பண்ணியும், அதே கோரோட இன்னொரு ஹைப்பர்த்ரெட்ல எதிரி உட்கார்ந்திருந்தா பிரயோஜனம் இல்லை, எஸ்எம்டியையே (ஒரே கோர்ல ரெண்டு ஹைப்பர்த்ரெட் ஓட்டறதை) அணைக்கணும்.

மிட்டிகேஷன்ஸ்= விருப்பமும் அதே சமயத்துலதான் வந்துச்சு. ஸ்பெக்டர், மெல்ட்டவுன், எல்1டிஎஃப்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பூட் விருப்பம் சேர்ந்து சேர்ந்து யாராலயும் நினைவு வச்சுக்க முடியாமப் போச்சு, அதான்.

கோர்டம்ப் அக்கா

பிரவுசர் விஷயம் ஒப்புக்கறேன். எங்க வீட்டு லேப்டாப்ல இணையம் கிடையாது, அதை நினைச்சே எழுதிட்டேன்னு வச்சுக்கோ.

நெய்ச்சோறு

இணையம் இல்லாத லேப்டாப்லேருந்துதான் இங்க எழுதறீங்களாக்கும் 😀

ஐந்தாம்_ஆபத்து

ஆல்டர்னேட்டிவ் பேட்சிங்னு அக்கா போற போக்குல சொன்னாங்களே, அதுல நான் முட்டிக்கிட்டது. ரிஸ்க்-வி (ஏஆர்எம் மாதிரி இன்னொரு சிப் வகை) போர்டு, ஜேடேக் (சிப்பை நிறுத்தி உள்ளே பார்க்கற இணைப்பு) மாட்டி கர்னலை நிறுத்திப் பார்த்துட்டிருந்தேன். டிஎல்பி துடைக்கிற இடத்துல ஆப்ஜ்டம்ப் (கோப்புல இருக்கற கட்டளைகளைக் காட்டற கருவி) காட்டறது 'எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ', கூடவே முகவரி. நினைவகத்துல கிடக்கறதோ வெறும் 'எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ', முகவரியே இல்லை. நினைவகம் கெட்டுப்போச்சோன்னு ஒரே சந்தேகம். ஆனா இவ்வளவு நேர்த்தியா, அர்த்தத்தோட ஒரு கட்டளை கெட்டுப்போகுமா?

சைஃபைவ் (ரிஸ்க்-வி சிப் நிறுவனம்) எர்ராட்டம் சிஐபி-1200. முகவரி கொடுத்துத் துடைக்கிறதை நம்ப முடியாத கோர்களுக்கு, கர்னல் பூட் ஆகும்போதே அந்தக் கட்டளையை 'மொத்தமாத் துடை'ன்னு மாத்தி எழுதிடுது. ஒரு பக்கத்துக்காக டிஎல்பி முழுக்கக் காலி. முரட்டு வைத்தியம்தான், ஆனா படிச்சதும் புரியுது. பழைய கட்டை ஐயா சொன்ன ஐடிடி வித்தையை விட எனக்கு இதுதான் ஒசத்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு எவன் படிச்சாலும் புரியும்.

ஓடற கர்னலை டிஸ்அசெம்பிள் பண்ணணும்னா விஎம்லினக்ஸ் (கட்டி முடிச்ச கர்னல்) கோப்பை எடுக்காதீங்க, ப்ராக்-கேகோர் (ஓடற கர்னலோட நினைவகத்தைக் காட்டற கோப்பு) வழியா நினைவகத்துலேருந்தே எடுங்க. ஜிடிபி டீபக்கர் அதைத் திறக்கும்.

பழைய கட்டை

ராத்திரி ரெண்டு மணிக்குப் படிக்க வேண்டிய கோடா அது? தூங்குங்கள் தம்பி.