சிஸ்டர்களின் முதுமைக்கு நாம் ஏன் காணிக்கை போட வேண்டும்?

காக்ஸ்டவுன்காரன்:
போன ஞாயிறு தமிழ்ப் பூசையில் ஃபாதர் அறிவித்தார், மடங்களில் இருக்கும் வயதான சிஸ்டர்களுக்காக (கன்னியாஸ்திரிகள்) அடுத்த மாதம் தனிக் காணிக்கை எடுப்பார்களாம். எனக்கு ஒப்பவில்லை. மகளின் எல்கேஜி சீட்டுக்கு ஒரு மடத்துப் பள்ளியில் கட்டிய நன்கொடைக்கு வைத்த நகையை இன்னும் மீட்கவில்லை. பள்ளியும் நிலமும் இருக்கிறவர்களுக்கு ஆட்டோ ஓட்டுகிறவன் கொடுக்கணுமா?

லிங்கராஜபுரம் அக்கா:
தம்பி, உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம்தான். ஆனால் சிஸ்டர்களின் எல்லாத் துறவற சபைக்கும் பள்ளிக்கூடம் இல்லை. எனக்குப் புதுநன்மை வகுப்பு எடுத்த சிஸ்டருக்கு இப்போது 84. காலமெல்லாம் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாக மருந்து கொண்டுபோனவர். சம்பளமே இல்லை, அப்புறம் எங்கே பென்ஷன்? போன வாரம் பார்க்கப் போனேன். அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்த சிஸ்டருக்கே எழுபதைத் தாண்டிவிட்டது, இடுப்பில் பெல்ட்.

பழைய பேரவைச் செயலர்:
சம்பளம் வாங்கினவர்களுக்கு மட்டும் என்ன மிஞ்சுகிறது? சிஸ்டர் சம்பாதிப்பது, பென்ஷன் உட்பட, சபைக்கே சேரும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், எண் 668. அரசு உதவி பெறும் பள்ளி சிஸ்டர்களுக்காக இதைச் சொல்லித்தான் சம்பளத்தில் வருமான வரி (டிடிஎஸ்) பிடிக்கக் கூடாது என்று வாதாடினார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

காக்ஸ்டவுன்காரன்:
668ஐச் சொன்னவர் 670ஐயும் சொல்லுங்கள். உறுப்பினருக்குத் தேவையானதைச் சபை தர வேண்டும் என்கிறது. பங்கு மக்கள், அதாவது கோயிலுக்கு வருகிற நாம், தர வேண்டும் என்று போடவில்லை.

பழைய பேரவைச் செயலர்:
போடவில்லைதான். ஆனால் சபையிடம் இருந்தால்தானே தரும்? அமெரிக்காவில் பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் நடத்திய சபைகளுக்கே 1988 முதல் வருடந்தோறும் பங்குகளில் காணிக்கை எடுக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் குறைந்தார்கள், சம்பாதிக்கிற கைகளும் குறைந்தன. நிலத்தையும் நினைத்த நேரத்தில் விற்க முடியாது, மேலிட அனுமதி வேண்டும்.

காக்ஸ்டவுன்காரன்:
அங்கே வருடக் கணக்கை வெளியிடுகிறார்கள். இங்கேயும் எவ்வளவு வந்தது, எந்த மடத்துக்குப் போனது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். பிறகு யோசிக்கிறேன்.

லிங்கராஜபுரம் அக்கா:
அதைக் கூட்டத்தில் நானே கேட்கிறேன். இப்போதைக்கு ஒரு உதவி. சிஸ்டரை வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். செயலியில் வண்டி பிடித்தால் வீல்சேரைப் பார்த்ததும் போய்விடுகிறார்கள்.

காக்ஸ்டவுன்காரன்:
ஸ்கூல் சவாரி முடிய ஒன்பதரை ஆகும். அதற்கு மேல் வருகிறேன். காணிக்கை விஷயத்தில் சொன்னது சொன்னதுதான். மடக்குகிற வீல்சேர்தானே அக்கா?