புதுப்பிப்பு: பட்டறையில் வந்த முரண்பட்ட கருத்துகளை வைத்துக் கதையைத் திருத்திய விதம்

கல்லூரி எழுத்துப் பட்டறையில் என் சிறுகதைக்குப் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு விதமாகக் கருத்துச் சொன்னார்கள், எதை வைத்துத் திருத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ‘அவர்கள் சொல்லும் தீர்வுகளை ஒதுக்கிவிட்டு, வாசிக்கும்போது எங்கே தடுக்கினார்கள் என்பதை மட்டும் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள்’ என்ற யோசனைதான். அவ்வாறு குறித்துப் பார்த்தபோது, முடிவு சரியில்லை என்ற ஏழு பேரில் ஐவர், தங்கையின் பார்வையிலிருந்து கதை திடீரெனத் தந்தையின் மனத்துக்குள் தாவும் இரண்டாம் பக்கப் பத்தியிலேயே தடுக்கியிருந்தது தெரிந்தது. அப்பத்தியைத் தங்கையின் பார்வையிலேயே நிறுத்தினேன். முடிவில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அடுத்த சுற்றில் முடிவைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த விமர்சன முறையையும் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற பழைய பட்டறை வழக்கத்துக்கு மாறாக, இதில் அவரும் கேள்வி கேட்கலாம். அவர் இசைந்தால்தான் மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்ல முடியும். எங்கள் பட்டறையில் இதை முயன்று பார்க்கப் பேராசிரியர் ஒருமுறை அனுமதித்தார். பயனுள்ளதுதான், ஆனால் நேரம் இரு மடங்கு பிடித்தது.

எதிர்பாராதது: கவிதைக்குத் தடுக்கிய இடங்களைக் குறிக்கும் வழி உதவவில்லை, ஏனெனில் அங்கே தடுக்குவதே சில சமயம் நாம் வேண்டியது. அதனால் சக மாணவர் ஒருவரை என் கவிதையை உரக்க வாசிக்கச் சொல்லி, ‘இன்னும்’ என்ற சொல்லுக்கு முன் அவர் தானாக மூச்சு வாங்கிய இடத்தில் வரியை உடைத்தேன்.