மறு: மறு: ‘டிரைவிங் லைட்’: வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அனுப்பியவர்: ஈரோட்டு ஆசிரியர்

குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு தயாராகிறது. அச்சகம் வெள்ளி மாலைக்குள் கோப்பைக் கேட்கிறது. ‘குடும்பக் காரின் முகப்பு விளக்கை மேம்படுத்துதல்’ என்ற பாடம் மட்டும் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது: டிரைவிங் லைட்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நம்மூர்க் கார்கள் பலவற்றில் இருப்பது எச்4 பல்பு. ஒரே பல்புக்குள் இரண்டு இழை; தூரத்துக்கு அடிக்கும் ஹை பீமுக்கு 60 வாட், கிட்டத்தில் தாழ்ந்து அடிக்கும் லோ பீமுக்கு 55. லோ பீம் வெளிச்சத்துக்கு மேலே வெட்டினாற்போல ஒரு விளிம்பு உண்டு. 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்கும்படி அதை வைப்பது வழக்கம். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், விளிம்பு 65 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். 100 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. அதாவது இரண்டேகால் நொடித் தூரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஹை பீமுக்கு அந்த விளிம்பு இல்லை. அதுவும் போதாத இடத்தில், அதோடு சேர்ந்து மட்டுமே எரியும்படி, குறுகலாகவும் நெடுந்தூரமும் அடிக்கிற கூடுதல் ஜோடிதான் டிரைவிங் லைட். மூடுபனி விளக்கு வேறு. அது தாழ்வாக, அகலமாக, கிட்டத்தில் விரிவது.

மாணவர்கள் ‘ஓட்டும் விளக்கு’ என்று எழுதுகிறார்கள். கேட்டால் “வண்டி ஓட்டும்போது போடுற லைட்டு சார்” என்கிறார்கள். இண்டிகேட்டரையும் வண்டி ஓட்டும்போதுதானே போடுகிறோம்?

---

அனுப்பியவர்: சென்னை மொழிபெயர்ப்பாளர்

சார், ‘டிரைவிங் லைட்’ என்றே போடுங்கள். கடையில் போய் அப்படித்தானே கேட்கப் போகிறார்கள்? தமிழில் இருந்தே ஆக வேண்டுமென்றால் ‘ஓட்டுவிளக்கு’. வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி.

---

அனுப்பியவர்: பாளைப் புலவர்

> வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி.

அம்மா, ஊறுகாயில் ஊறுவது காய். ஓட்டுவிளக்கில் ஓட்டுவது விளக்கா? தேர்தல் நேரத்தில் அச்சிட்டால் வேறு பொருளும் கொள்வார்கள்.

---

அனுப்பியவர்: சென்னை மொழிபெயர்ப்பாளர்

ஐயா, சுடுகாட்டில் சுடுவது காடா?

---

அனுப்பியவர்: பாளைப் புலவர்

நல்ல கேள்வி. அங்கே காடு இடப்பொருளில் வந்தது. வினைத்தொகையின் நிலைமொழிக்கு வருமொழி எழுவாயாகத்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. குடிநீரில் அது செயப்படுபொருள். ஆகவே இலக்கணத்தால் உங்கள் சொல்லை விலக்க முடியாது. பொருளால் விலக்குகிறேன். ஓட்டுவதற்கு உதவாத விளக்கு வண்டியின் முன்னால் எதற்கு?

விளக்குக்கு நம்மிடம் சொல் வறட்சி இல்லை. கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கரை’ என்றதும் கடற்கரை என்று நினைக்கிறோம். பெரும்பாணாற்றுப்படை ‘இலங்குசுடர் ஞெகிழி, உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும் துறை’ என்கிறது. கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறதே, அதே கரைதல். ஓடும் கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு அது. அந்த வழியில் வண்டிக்கு ‘வழிகரை விளக்கு’ என்றால் என்ன?

---

அனுப்பியவர்: ரொறன்ரோ யாழ்ப்பாணி

புலவர் ஐயாவுக்கு வணக்கம். ஒரு சின்னக் குறுக்கீடு. எங்கட பக்கம் டிரைவரைச் சாரதி எண்டுதான் சொல்லுறது. லைசென்ஸ்கூட ‘சாரதி அனுமதிப்பத்திரம்’தான். அப்ப ‘சாரதி விளக்கு’ எண்டால் பிரச்சினை தீர்ந்துதே?

இன்னொண்டு. இங்க கனடாவில 1990 தொடக்கம் புதுக் காரெல்லாம் பகலிலயும் முன்விளக்கு எரிஞ்சபடிதான் வரும். அதுக்கும் இதுக்கும் குழப்பம் வராத சொல்லாப் பாருங்கோ. இங்கிலீசிலயே சனம் ரெண்டையும் மாறிச் சொல்லுது.

---

அனுப்பியவர்: பாளைப் புலவர்

சாரதி வடசொல். மேலும் திருவல்லிக்கேணிக்காரர்கள் அதைக் கோயில் விளக்கு என்று எண்ணிவிடுவார்கள்.

---

அனுப்பியவர்: நாமக்கல் பட்டறை

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் படிச்சது பட்டறையிலதான், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கடையில இதுக்குப் பேரு ‘எக்ஸ்ட்ரா லைட்டு’. லாரிக்காரங்க ‘போகஸ் லைட்டு’ம்பாங்க. பேரு எதுவா இருந்தாலும் பையன் வயரைச் சரியா இழுக்கணும், அதாங்க என் கவலை.

ஆசிரியர் ஐயா கையேட்டுல இதையெல்லாம் எழுதியிருக்காரான்னு தெரியல. வெளிச்சம் பத்தலைன்னு வர்ற காருல பாதிக்கு மேல புது லைட்டே தேவைப்படாதுங்க. முன்னாடி பிளாஸ்டிக் மூடி வெயில்ல மஞ்சளடிச்சிருக்கும். தேய்ச்சு பாலிஷ் போட்டாலே ஆச்சு. அடுத்தது வயரு. கம்பெனி வயரு மெலிசு, கரண்டு ஸ்டியரிங் சுவிட்ச் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருது. பல்பு முனையில வோல்டேஜ் 5 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 15 சதவீதம் போயிரும். பேட்டரியில இருந்து நேரா தடி வயரு, நடுவுல ரிலே (சின்னக் கரண்டுல பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்சு), அவ்வளவுதான், பழைய பல்பே பளிச்சுன்னு எரியும். இதை விட்டுட்டு 100/90 வாட் பல்பு போடுறாங்க, ஹோல்டர் உருகி வந்து நிக்கிறாங்க. இல்லைன்னா எல்இடி பல்பைப் பழைய ரிப்ளெக்டருக்குள்ள சொருகுறாங்க. இழை இருக்க வேண்டிய எடத்துல வெளிச்சம் பொறக்கலைன்னா ரிப்ளெக்டர் என்ன பண்ணும்? ரோட்டுக்குப் போக வேண்டியது எதிர்ல வர்றவன் மூஞ்சிக்குப் போகும்.

டிரைவிங் லைட்டுக்கு ரிலேவுல ஒவ்வொரு முனைக்கும் ஒரு நம்பர் இருக்கும்; 30க்கு பேட்டரி, பேட்டரி பக்கத்துலயே 15 ஆம்பியர் பியூஸ் (55 வாட் ரெண்டுன்னா 9 ஆம்பியர் இழுக்கும்), 87 லைட்டுக்கு, 85 எர்த்து. 86தான் முக்கியம். அதை ஹை பீம் வயருல இருந்து எடுக்கணும், நடுவுல ஒரு சுவிட்சு. அப்பத்தான் டிம் அடிச்சா எக்ஸ்ட்ராவும் தானா அணையும். சில ஜப்பான் வண்டிகள்ல நெகட்டிவ் பக்கம்தான் சுவிட்ச் பண்ணுவான். டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பாக்காம தொடக் கூடாது.

---

அனுப்பியவர்: ஈரோட்டு ஆசிரியர்

பட்டறை அண்ணன் எழுதியதில் சொல்லுக்கான விடையும் இருக்கிறது. ‘டிம் அடிச்சா தானா அணையும்’ என்பதுதான் இந்த விளக்கின் இலக்கணம்.

புலவர் ஐயா, கலங்கரை விளக்கம் எதிரே வருகிறவனுக்காக எரிவது. இது ஓட்டுகிறவனுக்காக எரிவது. எதிரே வருகிறவன் கண்ணில் படவே கூடாது. நான்குவழிச் சாலை நடுவே அரளி வளர்க்கிறார்களே, எதிர்வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்கத்தானே? அழைக்கிற விளக்கு என்று பெயர் வைத்துவிட்டு அணைக்கச் சொன்னால் மாணவன் என்ன செய்வான்?

---

அனுப்பியவர்: ரொறன்ரோ யாழ்ப்பாணி

அப்ப எங்கட பகல் விளக்குத்தான் உண்மையான கலங்கரை! அதால ஓட்டுறவருக்கு ஒண்டும் தெரியாது. மற்றவைக்கு இவரைத் தெரியும். ஐயாவின்ர சொல்லை நான் வாங்கிக்கொள்ளுறன்.

---

அனுப்பியவர்: பாளைப் புலவர்

வாங்கிக்கொள்ளுங்கள், மகிழ்ச்சி. ஆசிரியர் சொன்ன வேறுபாட்டை ஏற்கிறேன். அப்படியானால் ‘போழொளி’. போழ்தல் என்றால் பிளத்தல். இருளைப் போழும் ஒளி. குறுகலாகப் போகிறது என்றாரே, அதுவும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. போழ், பிள, பகு எல்லாமே பிரிவுப் பொருளில் நிற்கும் பகர முதற்சொற்கள். பகல் என்ற சொல்லும் ‘பகு’விலிருந்து வந்தது, நாளைப் பகுப்பது பகல். இரவில் பகலைச் செய்யும் விளக்குக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ‘பிழம்பு’ம் இதே குடும்பமோ என்று எனக்கு நெடுநாள் ஐயம் உண்டு. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

---

அனுப்பியவர்: நாமக்கல் பட்டறை

ஐயா, எங்க பசங்க அதை ‘போளொளி’ம்பாங்க. அப்புறம் தேங்காய் போளியா பருப்பு போளியான்னு கேப்பாங்க.

---

அனுப்பியவர்: சென்னை மொழிபெயர்ப்பாளர்

பாவம் சார், நாளைக்கு வியாழன். நான் இறங்கி வருகிறேன். பொருளிலிருந்து கட்டுவோம். ஹை பீமுக்கு முதலில் ஒரு சொல் வேண்டும். டிரைவிங் லைட் அதன் துணைதானே? ‘நெட்டொளி’ எப்படி?

---

அனுப்பியவர்: பாளைப் புலவர்

நெடுமை + ஒளி. ‘ஈறு போதல்’ விதியால் நெடு. ‘தன்னொற்று இரட்டல்’ விதியால் நெட்டு. நெட்டிலை, நெட்டுயிர்ப்பு போல நெட்டொளி. புணர்ச்சி பழுதில்லை. ஆனால் அதே விதியில் லோ பீமுக்குக் குறுமை + ஒளி, குற்றொளி என்று வரும். குற்றம் செய்த ஒளி என்று படிப்பார்கள்.

---

அனுப்பியவர்: ஈரோட்டு ஆசிரியர்

லோ பீமுக்குத் ‘தாழொளி’ போடுகிறேன், ஐயா. அது தாழ்ந்துதானே போகிறது? நெட்டொளி, தாழொளி, துணை நெட்டொளி. மூன்றும் பாடத்தில் ஒன்றையொன்று விளக்குகின்றன. ‘துணை’ என்று வந்துவிட்டதால் தனியாக எரியாது என்பதை மாணவனே ஊகிப்பான்; 86ஆம் முனை எங்கே போக வேண்டும் என்பதும் புரியும்.

---

அனுப்பியவர்: பாளைப் புலவர்

துணை என்றால் உதவி மட்டுமன்று, இணை, ஒப்பு, அளவு என்றும் பொருள் உண்டு. ‘ஒளி’யோ மறைந்துகொள் என்றும் பொருள்படும். இவற்றைப் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

---

அனுப்பியவர்: நாமக்கல் பட்டறை

பெயர் நல்லா இருக்குங்க. ஒண்ணு சேத்துக்குங்க: 1989 மத்திய மோட்டார் வாகன விதியில 111ஆவது, ஸ்பாட் லைட்டு, சர்ச் லைட்டு முன்னாடி மாட்டணும்னா பதிவு அதிகாரி முன் அனுமதி வேணும்ங்குது. வண்டிக்குள்ள இருந்து திருப்புற மாதிரியோ, கூரை மேல வரிசையாவோ மாட்டிக்கிட்டு ‘துணை நெட்டொளி’ன்னு சொன்னா டிராபிக் போலீஸ் விடமாட்டாரு. பம்பர் உயரத்துல, கம்பெனி ஹெட்லைட்டுக்கு மேல போகாம. அதுக்கும் முன்னாடி வட்டார அலுவலகத்துல ஒருதரம் கேட்டுக்கணும்.

---

அனுப்பியவர்: மட்டுறுத்துநர்

நண்பர்களே, ஆசிரியரின் கோப்பு போக வேண்டும். ‘துணை நெட்டொளி’க்கு எதிர்ப்பு இல்லாதவர்கள் பதில் எழுத வேண்டாம்.

---

அனுப்பியவர்: ரொறன்ரோ யாழ்ப்பாணி

எதிர்ப்பில்லை. எண்டாலும் கேக்கிறன்: கையேட்டில ‘எதிரொளிப்பான்’ போட்டிருக்கிறியளோ, ‘தெறிப்பி’யோ? நாங்கள் பள்ளிக்கூடத்தில ஒளித்தெறிப்பு எண்டுதான் படிச்சனாங்கள்.

---

அனுப்பியவர்: ஈரோட்டு ஆசிரியர்

‘ரிப்ளெக்டர்’ என்றே விட்டிருக்கிறேன், ஐயா. படத்தில் ‘துணை நெட்டொளி’. பாடத்தில் முதல்முறை வரும்போது ‘கடைகளில் டிரைவிங் லைட் என்று கேட்கவும்’ என ஒரு வரி. தேர்வில் இரண்டில் எதை எழுதினாலும் மதிப்பெண். கோப்பு இன்று இரவே போகிறது. அனைவருக்கும் நன்றி.

---

அனுப்பியவர்: பாளைப் புலவர்

மதிப்பெண் முடிவை ஏற்கிறேன். சொல்லை ஏற்கவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது ‘போழொளி’யை மறுபடி எடுப்போம். பிழம்பு குறித்த மடல் தனி இழையில் வருகிறது.