துணி துவைத்த இடத்தில் கள்ளி தின்றோம்

சான் ஹோசே, கலிபோர்னியாவிலிருந்து:

மகள் கல்லூரி விடுதிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. வெளியே எங்கே சாப்பிடுவது என்பதை 18 வருடமாக அவள்தான் முடிவு செய்தாள். அதனால் போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவரும் நானும் காரில் உட்கார்ந்துகொண்டு "உனக்கு எங்க வேணும்?", "உங்களுக்கு எங்கீங்க வேணும்?" என்று பத்து நிமிடம் ஓட்டினோம். கடைசியில் இவர்தான், நாலு தெரு தள்ளிப் புதிதாக ஒரு மெக்சிகன் கடை திறந்திருக்கிறார்களே, அதற்குப் போகலாம் என்றார். முன்பு அது காசு போட்டுத் துணி துவைக்கிற கடை. அமெரிக்கா வந்த புதிதில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கேதான் கழிந்தன. மெஷின்கள் நின்ற இடத்தில் இப்போது ஒன்பது மேஜை. தரையில் தண்ணீர் போகிற ஓட்டையை மட்டும் மூடாமல் விட்டிருக்கிறார்கள்.

நான் சைவம். இவர் வெளியே வந்தால் எல்லாம் சாப்பிடுவார். எனக்கு மெக்சிகன் கடை என்றால் இதுவரை ஒரே ஆர்டர்தான்: பீன்ஸ் புரிட்டோ. மெல்லிய ரொட்டிக்குள் சுருட்டிய, மசித்து வதக்கிய பீன்ஸ், செக்கச்செவேல் என்று சோறு, அவ்வளவுதான். இங்கே பரிமாறிய அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மெக்சிகோவில் பியூப்லா பக்கத்துக்காரர். வழக்கம்போல் "வெஜிடேரியனா?" என்று கேட்டேன். அவர் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, பீன்ஸில் மான்டேகா இருக்கிறது, சோற்றைக் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கிறோம் என்றார். மான்டேகா என்றால் பன்றிக்கொழுப்பு.

நான் இவரைப் பார்த்தேன். இவர் மெனுவைப் பார்த்தார்.

இதற்கு முன் வருடக்கணக்கில் போய்வந்த வேறொரு கடையில் "கறி கிடையாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கறி கிடையாதுதான். எத்தனை புரிட்டோ உள்ளே போயிருக்கும் என்று கணக்குப் போடுவதை அத்தோடு நிறுத்திவிட்டேன். உங்களில் சைவக்காரர்கள் யாராவது இருந்தால் "வெஜிடேரியனா" என்று கேட்காதீர்கள். "மான்டேகா போட்டிருக்கிறீர்களா", "கால்டோ தே போயோ இருக்கிறதா" என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது கோழிச்சாறு. மசிக்காமல் பானையில் வெறுமனே வேகவைத்த பீன்ஸ் சில கடைகளில் தனியாக இருக்கும். இங்கே இருந்தது. வெங்காயம், உப்பு தவிர ஒன்றுமில்லை. எனக்கு அது மொச்சைக்கொட்டைச் சாறு குடித்த மாதிரி இருந்தது.

சரி, வேறு என்ன இருக்கிறது என்றதற்கு அந்த அம்மா மெனுவில் இரண்டு இடத்தில் விரல் வைத்தார். ஒன்று பூசணிப்பூ. இன்னொன்று நோபாலேஸ். படத்தைப் பார்த்ததும் இவர் சத்தமாகவே சொல்லிவிட்டார்: "அம்மிணி, இது நம்ம சப்பாத்திக்கள்ளி!"

அதேதான். கோபி பக்கம் எங்கள் அப்பச்சி தோட்டத்து வேலியில் நின்றது. ஆடு வாய் வைக்கக்கூடாது என்று நட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் பழத்தை மண்ணில் தேய்த்து முள் போக்கி, உள்ளே இருக்கிற நட்சத்திர முள்ளையும் எடுத்துவிட்டு, வாயெல்லாம் சிவக்கத் தின்றிருக்கிறோம். அந்த மட்டையைத் தின்னலாம் என்று யாரும் சொன்னதில்லை. இவர்களுக்கோ அது தேசியக்கொடியிலேயே இருக்கிற செடி. கழுகு உட்கார்ந்திருப்பது அதன் மேல்தான். நம் வேலிக்கு அது வந்ததும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான். முள்ளைச் சீவி, நீளநீளமாக நறுக்கி, வெங்காயம் தக்காளியோடு வதக்கி, சின்ன ரொட்டியில் மடித்து டாக்கோவாகக் கொடுத்தார்கள். புளிப்பு லேசாக, வழவழப்பு வெண்டைக்காய் அளவுக்கு. முதல் வாய்க்கு முகம் சுளித்தேன். மூன்றாவது வாயில் இன்னொரு டாக்கோ சொன்னேன்.

பூசணிப்பூ கதை வேறு. மார்கழி முழுக்க விடியற்காலையில் கோலத்து நடுவில் சாணிப் பிள்ளையார் மேல் வைத்த பூ, இங்கே சீஸோடு டோர்ட்டியா ரொட்டிக்குள் மடித்து வருகிறது. தின்ன ஒரு மாதிரி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ருசியாகவும் இருந்தது. பூசணியும் அந்தக் கண்டத்துக் காய்தானே. பரங்கிக்காய் என்ற பெயரிலேயே வெளியூர்க்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

டோர்ட்டியாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். "நம்ம சப்பாத்திதானே" என்று நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மைதாவில் போடுவது வேண்டுமானால் அப்படி இருக்கலாம். இது மக்காச்சோளம். பிய்த்து மூக்கருகே கொண்டுபோனபோது, பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டு வாசனை லேசாக வந்தது. பிரமையோ என்று நினைத்து அந்த அம்மாவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஸ்பானிஷில் "கால்" என்றார். போனில் தேடினால் சுண்ணாம்பு! வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவிப் போக்கி அரைக்கிறார்கள். அப்போதுதான் மாவு உதிராமல் ஒட்டி வரும். சோளத்திலிருக்கிற நியாசின் சத்தும் அப்போதுதான் உடம்பில் சேரும். இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவில், அதையே தின்று வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா நோய் வாட்டியது. முன்பெல்லாம் ஊரில் அரைப்பதும் கல்லில்தானாம். அந்தக் கல்லின் படம் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. மூன்று கால் முளைத்த அம்மி, குழவியோடு.

இவருடைய வீரத்தையும் எழுதாவிட்டால் தூக்கம் வராது. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆரஞ்சு நிறச் சட்னி வந்தது. அந்த அம்மா "ஹபனேரோ மிளகாய், கொஞ்சம் பார்த்து" என்றார். "நாங்க ஈரோட்டுக்காரங்க" என்று தமிழிலேயே அவரிடம் சொல்லிவிட்டு, சட்னி தொடுகிற மாதிரி வழித்து வாயில் போட்டார். ஐந்து விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் காது சிவந்தது. கண்ணாடியைக் கழற்றினார். "என்னாச்சுங்க?" என்றால் "ஒண்ணுமில்ல" என்று கையை மட்டும் ஆட்டினார். தண்ணீர் உதவாது என்று சொல்லி அந்த அம்மா ஓர்ச்சாத்தா கொண்டுவந்து வைத்தார். அரிசியை ஊறவைத்து அரைத்து, பட்டையும் சர்க்கரையும் போட்ட பானம். இரண்டு டம்ளர் போனது. போர்த்துக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுவரும்வரை நமக்கு மிளகுதான் காரம், மிளகாயைக் கண்டுபிடித்தவர்களிடம் போய் இந்தப் பேச்சு தேவையா என்று நான் கேட்டேன். பதில் சொல்லும் நிலையில் இல்லை.

டிப்ஸோடு 49 டாலர். கிளம்பி நிற்கும்போதுதான் கவனித்தேன், ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் போனை எடுத்தது அந்தச் சுண்ணாம்புக்கு மட்டும்தான்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

இர்விங், டெக்சஸிலிருந்து:

எங்களுடையது இவ்வளவு ருசியான கதை இல்லை. பக்கத்தில் புதிதாகத் திறந்த டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சஸ் பாணி மெக்சிகன்) கடைக்குப் போனோம். என் கணவர் ரகசியமாகப் போய், இன்று இவளுக்குப் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டார். பிறந்தநாள் அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. ஐந்து பேர் கைதட்டிக்கொண்டு வந்து, குடை அளவுக்கு ஒரு தொப்பியை என் தலையில் கவிழ்த்துப் பாடினார்கள். பக்கத்து மேஜையில் என் மேனேஜர்! அந்த வீடியோ இன்னும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது.

ஆனால் ஒன்று. டெக்ஸ்-மெக்ஸ் போலி மெக்சிகன் என்று சிலர் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. 1836 வரை டெக்சஸ் மெக்சிகோவில்தான் இருந்தது. எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர, சமையல்காரர்கள் வீட்டிலேயேதான் இருந்தார்கள். சோள சிப்ஸ் மேல் சீஸ் உருக்கித் தருகிற நாச்சோஸ் பிறந்ததும் எல்லையை ஒட்டிய மெக்சிகோவின் பியெத்ராஸ் நேக்ராஸ் ஊரில், 1940களில். அந்தப் பக்கத்து ஆள் செய்து, இந்தப் பக்கத்துப் பெண்கள் தின்றது.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து:

கள்ளிக்கே இப்படியென்றால் வெட்டுக்கிளிக்கு என்ன சொல்வீர்கள்? இங்கே ஒஹாக்கா மாநிலத்துக்காரர்கள் நிறைய. எங்கள் தெருமுனையில் ஒரு ஒஹாக்கா கடை வந்ததும், நானும் மனைவியும் தனியாகப் போவதாகத்தான் ஏற்பாடு. தர்மபுரியிலிருந்து வந்திருந்த என் மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறிவிட்டார். தட்டில் சாபுலினேஸ் வந்தது. எலுமிச்சையும் உப்பும் மிளகாயும் போட்டு வறுத்த வெட்டுக்கிளி. மனைவி நாற்காலியையே தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் ஒன்றை எடுத்து யோசித்துக்கொண்டிருந்தேன். மாமியார் ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டு மென்று, "ஈசல் இதைவிட நல்லாருக்கும் மாப்ள, பொரி இல்லாம தர்றானுங்க பாரு" என்றார். கடைக்காரரிடம் மொழிபெயர்க்கச் சொன்னார். நான் பொரியை மட்டும் விட்டுவிட்டேன்.

குவாதலஹாரா, மெக்சிகோவிலிருந்து:

வேலை நிமித்தமாக இங்கே வந்து இரண்டு வருடம். முதல் வாரம் நானும் மனைவியும் வீட்டுப் பக்கத்துக் கடைக்கு ராத்திரி சாப்பிடப் போனோம். முடித்துவிட்டு பில்லுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. அரை மணி, முக்கால் மணி. ஆள் நிறம் பார்த்து அலட்சியம் செய்கிறார்கள் என்று மனைவிக்குக் கோபம் ஏறிவிட்டது. அப்புறம் ஆபீஸில் ஒரு நண்பர் விளக்கினார். கேட்காமல் பில் வைப்பது எழுந்து போகச் சொல்கிற மாதிரி; இங்கே அது மரியாதைக்குறைவு. சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து பேசுவதற்கு சோப்ரேமேசா என்று தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். "லா குவென்டா" என்று கேட்டால் அடுத்த நிமிடம் வரும்.

இன்னொன்று, எழுந்து போகிறவர்கள் முன்பின் தெரியாத உங்கள் மேஜையைப் பார்த்து "ப்ரோவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். முதல் தடவை நான் திரும்பி யாரையோ தேடினேன். சான் ஹோசே அக்காவின் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: "நோ பிகா", அதாவது காரமில்லை என்று ஒரு மெக்சிகன் சொன்னால் நம்பாதீர்கள். இவர்களுக்குக் காரமில்லை, அவ்வளவுதான். இங்கே சந்தையில் பருப்புக்கீரை கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது, பெயர் வெர்தோலாகாஸ். சௌசௌவும் இங்கத்திய காய்தான், சாயோட்டே என்கிறார்கள். கூட்டு வைக்க எனக்குக் குறையே இல்லை.

மறுபடியும் சான் ஹோசேயிலிருந்து:

தர்மபுரி அம்மாவுக்கு என் வணக்கம். ப்ரோவேச்சோ என்று எங்களைப் பார்த்தும் ஒரு தாத்தா சொன்னார். ஏதோ விலை கேட்கிறார் என்று நினைத்து இவர் "49" என்று பதில் சொன்னார்.

சனிக்கிழமை மெக்சிகன் மளிகைக்கடையில் கள்ளியை முழு மட்டையாகவே நாலு வாங்கிவந்தோம். முள் சீவிப் பையில் போட்டதும் இருந்தது, ஆனால் ஊரில் பார்க்காத முள்ளா என்று இவர் கேட்கவில்லை. கத்தியால் சீவி, உப்புப் போட்டு வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் வழவழப்பு பாதி போய்விடுகிறது. கடுகு, வரமிளகாய் தாளித்துத் தேங்காய் துருவிப் போட்டேன். மகளுக்கு வீடியோவில் காட்டினோம், "நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீங்க?" என்று கேட்டாள். இவர் இரண்டாவது முறை போட்டுக்கொண்டார், இடது கையால். வலது கட்டைவிரலில் முள் இன்னும் இருக்கிறது.