12ஆவது அழைப்பு வந்ததும் எல்லோர் குரலும் உடைந்தது: பேண்ட்வித் அனுபவங்கள்

கிளை அலுவலகத்துக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையே 2 மெகாபிட் லிங்க். அதில் 1 மெகாபிட், ஐபி போன்களுக்கு என்று முன்னுரிமை வரிசையில் ஒதுக்கப்பட்டிருந்தது. குரலைச் சுமக்கும் சிறு தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளில், 'இது அவசரம்' என்று ரவுட்டருக்குச் சொல்லும் டிஎஸ்சிபி 46 குறியீடும் சரியாகவே விழுந்தது. அப்படியும் வேலை மும்முரமான நேரத்தில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் போனைப் பார்க்கலாம். இங்கே பேசிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் உடையும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதுதான் துப்பு.

கணக்குப் போட்டதும் விஷயம் புரிந்தது. ஜி.711 கோடெக்கில், அதாவது குரலை எண்களாக மாற்றும் முறையில், குரலுக்கு மட்டும் வினாடிக்கு 64 கிலோபிட் என்பார்கள். ஆனால் 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்றால் வினாடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், பாக்கெட்டைக் கொண்டுசேர்க்கத் தேவையான ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட், ஈத்தர்நெட்டுக்கு இன்னும் 18. மொத்தம் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட். 11 அழைப்புகள் வரை 1 மெகாபிட்டுக்குள் அடங்கும். 12ஆவது வந்ததும் வழியும். லிங்க் நெரிசலில் இருக்கும்போது ரவுட்டர் அந்த மிச்சத்தைத் தூக்கி எறியும். எது யாருடைய அழைப்பு என்று அது பார்ப்பதில்லை. கடைசியாக வந்தவர் மட்டும் கஷ்டப்படுவதில்லை, 12 பேரும் சேர்ந்து கஷ்டப்படுவார்கள். முன்னுரிமை கொடுத்தால் குரல் பைல்களிடமிருந்து தப்பும், இன்னொரு குரலிடமிருந்து தப்பாது.

அதனால் அழைப்பு சர்வரில் 11 என்று வரம்பு வைத்தோம். அடுத்த அழைப்பு சாதாரண போன் லைன் வழியாகப் போகும், அதுவும் காலியில்லை என்றால் பிஸி டோன். "போன் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் பிஸி வருகிறது?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், பாதி வாக்கியம் காதில் விழும் அழைப்பைவிட பிஸி டோன் எவ்வளவோ மேல். குரலை இன்னும் சுருக்கும் ஜி.729 கோடெக்குக்கு மாற்றினால் ஓர் அழைப்பு சுமார் 31 கிலோபிட்டில் முடியும், ஆனால் குரலின் தரம் கொஞ்சம் இறங்கும். பேக்ஸ் அனுப்புகிறவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

*

மேலே எழுதியவர் போட்டது நல்ல கணக்கு. ஆனால் இப்படி அழைப்புகளை எண்ணி வரம்பு வைக்கும் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது, நாங்கள் பட்ட பாடு அதனால்தான். பிரதான லிங்க் அறுந்து எல்லாம் மாற்று லிங்க்குக்கு மாறியது. அதன் வேகம் பாதிகூட இல்லை. அழைப்பு சர்வருக்கு இது தெரியாது, அது பழைய எண்ணிக்கையையே வைத்துக்கொண்டு தாராளமாக அனுமதி கொடுத்தது. அப்புறம் வழியில் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கும் ஆர்எஸ்விபிக்குப் போனோம். 1997இல் தரமாக்கப்பட்ட பழைய நெறிமுறைதான். அழைப்பு எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் உள்ள ரவுட்டர்களிடமே இடம் கேட்கும். வழி மாறினால் புது வழியில் மறுபடி கேட்கும். ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒவ்வொரு ரவுட்டரும் நினைவில் வைக்க வேண்டும் என்பதால் பெரிய இணைய முதுகெலும்பில் இது எடுபடவில்லை. ஒரே நிறுவனத்துக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

*

இரண்டு பேரும் குரலைப் பற்றியே சொல்லிவிட்டீர்கள். பைல் டவுன்லோட், பேக்கப் மாதிரி டிசிபி நெறிமுறையில் ஓடும் வேலைகளுக்கு இப்படி எண்ணி உள்ளே விட வாசலில் ஆள் நிறுத்தத் தேவையில்லை, கூட்டம் சேர்ந்தால் டிசிபியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே பிரச்சினை வேறு. எங்களிடம் பேக்கப் மேலே ஏறத் தொடங்கினால் பிங் நேரம் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) பல மடங்கு எகிறும், ஆனால் ஒரு பாக்கெட்கூடத் தொலையாது. எல்லாம் மோடமின் பெரிய பஃபரில், அதாவது காத்திருப்பு நினைவகத்தில், வரிசை கட்டி நிற்கும். ரவுட்டரில் ஷேப்பிங் வேகத்தை (அது வெளியே அனுப்பும் வேக வரம்பை) லிங்க்கின் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்தோம். வரிசை மோடமிலிருந்து நம் கைக்கு வந்தது. அதில் ஓட்டங்களைப் பிரித்து, வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஃப்க்யூ கோடல் முறையைப் போட்டதும் தாமதம் அடங்கிவிட்டது. லிங்க்கின் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும் இடங்களில் அந்த ஷேப்பிங் வேகத்தை எவ்வளவு வைக்கிறீர்கள்? வயர்லெஸ் லிங்க் ஒன்றில் நான் இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.